ஜன்னலைத் திறந்தால்தான் ஏர் கூலர்

பங்குனி பாதியைத் தாண்டும்போதே கரூரிலும் வேலூரிலும் சென்னையிலும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளின் வாசலில் ஏர் கூலர்கள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கிவிடும். மூன்று ஊரிலும் ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே விலை. வீட்டுக்குப் போன பிறகு அது செய்யும் வேலை மட்டும் ஊருக்கு ஊர் வேறு. மே மாதப் பிற்பகலில் வெளியே 40 டிகிரி செல்சியஸும் காற்றில் 30 சதவீத ஈரப்பதமும் இருக்கும் கரூரில், நல்ல கூலரிலிருந்து வரும் காற்று 29 டிகிரியை ஒட்டி இருக்கும். அதே வேளையில் கடற்காற்று வந்துவிட்ட சென்னையில் வெப்பநிலை 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால், அதே கூலரால் 30 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது. வருகிற காற்றும் ஈரத்தில் ஊறியிருக்கும். கரூரில் 11 டிகிரி இறக்கிய இயந்திரம் சென்னையில் ஐந்தைக்கூட எட்டுவதில்லை. ‘கூலர் வாங்கினது தண்டம்’ என்ற தீர்ப்பும், ‘கூலர் இருக்க ஏசி எதற்கு’ என்ற தீர்ப்பும் ஒரே கோடையில் உலவுவது இதனால்தான். சொல்கிற இருவரும் அவரவர் ஊரில் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

கூலருக்குள் கம்ப்ரஸரும் கிடையாது, கேஸும் கிடையாது. ஒரு தொட்டி, ஒரு சின்னப் பம்ப், அந்தப் பம்ப் நனைக்கிற பேட், பேட் வழியாக வெளிக்காற்றை இழுத்து அறைக்குள் தள்ளுகிற ஃபேன், அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பேட்டில் இருக்கும் தண்ணீர் அந்த வெப்பத்தைத் தன்னைக் கடந்துபோகும் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்கிறது, கூடவே ஈரமும் ஆகிறது. எந்த அளவுக்குக் குளிரும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுமே, அந்த ஈரக்குமிழ் வெப்பநிலைதான் எல்லை. கடைகளில் விற்கும் சாதாரண வீட்டுக் கூலர் எதுவும் அதற்குக் கீழே போகாது. வெளிவெப்பநிலைக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியில் ஐந்தில் நான்கு பங்கை இறக்கினால் அது நல்ல கூலர்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கடைக்காரரிடம் கேட்பதைவிட வீட்டிலேயே அளந்துவிடுவது நல்லது. சுவரில் மாட்டும் கண்ணாடிக் குழாய் வெப்பமானிகள் இரண்டு போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, தண்ணீரில் நன்றாக நனைக்க வேண்டும். இரண்டையும் நிழலில், வெளிக்காற்று வரும் ஜன்னலோரம், ஓடும் ஃபேனுக்கு முன்னால் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 0.8 ஆல் பெருக்கினால், அந்த நேரத்தில் அந்த வீட்டில் கூலர் எத்தனை டிகிரி இறக்கும் என்பது தெரிந்துவிடும். வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆறிலிருந்து பத்து வரை என்றால் கூலர் உதவும்; ஏசியை எதிர்பார்த்து வாங்கக் கூடாது. ஆறுக்குக் கீழே என்றால் அந்தப் பணத்தை நல்ல சீலிங் ஃபேனுக்கும் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சுக்கும் செலவிடுவதே மேல். சோதனையைக் காலையில் செய்து ஏமாறக் கூடாது. உள்மாவட்டங்களில்கூட விடியற்காலை ஈரப்பதம் அதிகமாகவே இருக்கும். வெப்பம் உச்சத்தில் இருக்கும் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை, படுக்கப்போகும் நேரத்தில் ஒருமுறை அளப்பதே சரி. வானிலை ஆய்வு மையம் காலை 8.30, மாலை 5.30 என இரு வேளையும் ஈரப்பதத்தைப் பதிவு செய்கிறது. கூலர் வாங்க நினைப்பவருக்கு வேண்டியது மாலைக் கணக்கு.

கருவியே வேண்டாம் என்பவருக்கு வீட்டு மண்பானையே சாட்சி. மண்பானையும் கூலரும் ஒரே விதியில் வேலை செய்கின்றன. சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் பல் கூசும்படி குளிரும் வீட்டில் கூலரும் குளிரும்.

இப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டு வரைபடம் தெளிவாகவே பிரிகிறது. வேலூர், திருப்பத்தூர், சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல், திருச்சி, மதுரை ஆகிய ஊர்களில் மார்ச்சிலிருந்து ஜூன் வரை கூலருக்கு நல்ல வேலை உண்டு. நாகப்பட்டினம், தூத்துக்குடி, இராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் பெரும்பாலான நாட்கள் வீண். சென்னை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று கடற்காற்றைத் தடுத்து நிறுத்தும் நாட்களில் நகரமே உலர்ந்து கொதிக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாட்களில் கடற்காற்று வரும்வரை சென்னையிலும் கூலர் நன்றாகவே குளிர்விக்கும். வந்த பிறகு பம்ப்பை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஃபீனிக்ஸ் நகரம் 1930களிலிருந்து இத்தகைய கூலர்களைக் கொண்டே கோடையைச் சமாளித்தது. அங்கேயும் ஜூலையில் பருவமழைக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்ததும் கூலர்கள் கைவிட்டுவிடும். ஏசி அங்கே வீடுகளுக்குள் நுழைந்ததற்கு அந்தச் சில வாரப் புழுக்கமும் ஒரு காரணம்.

எந்த அளவு, எந்த பேட்

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவது தொட்டியின் கொள்ளளவை. 40 லிட்டர், 70 லிட்டர் என்பதெல்லாம் எத்தனை மணிக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு குளிரும் என்பதைச் சொல்லாது. பார்க்க வேண்டியது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்ற எண். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் தொகையை 0.85 ஆல் பெருக்கினால் தேவையான அளவு கிடைக்கும். அறைக் காற்று முழுவதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. 12க்கு 12 அறை, உயரம் 10 அடி என்றால் 1,440 கன அடி. மணிக்குச் சுமார் 1,200 கன மீட்டர் தள்ளும் கூலர் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிட வீட்டில் கிடைப்பது குறைவாகவே இருக்கும் என்பதால், கணக்குக்கு ஒரு படி மேலே வாங்குவது நல்லது.

பேட் விஷயத்தில் மூன்று தேர்வுகள். மரச்சீவலை வலைக்குள் அடைத்த பேட் மலிவானது, நன்றாக நனையும், ஆனால் ஒரே கோடையில் அமுங்கி இடைவெளி விட்டுவிடும். அந்த இடைவெளி வழியாகச் சுடுகாற்று அப்படியே உள்ளே வரும். ஹனிகோம்ப் பேட் என்று கடைகளில் விற்கும் தேன்கூட்டு வடிவக் காகித அட்டை விலை கூடுதல். தண்ணீர் நல்லதாக இருந்தால் இரண்டு மூன்று கோடை தாங்கும். தடிமன் கூடக் கூடக் குளிர்ச்சியும் கூடும் என்பதால், கடையில் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தே வாங்க வேண்டும். மூன்று பக்கமும் பேட் உள்ள கூலர், பின்பக்கம் மட்டும் உள்ளதைவிட மேல்.

மூன்றாவது வெட்டிவேர். கூலர் என்ற இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, வெட்டிவேரைத் தட்டியாகப் பின்னி வாசலிலும் ஜன்னலிலும் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இந்தியாவில் இருந்தது. மணம் தருவதில் அதற்கு நிகரில்லை. கூலருக்குள் அடைக்கும்போது மட்டும் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றுக்கு வழி அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மணமும் வேண்டும், குளிர்ச்சியும் குறையக் கூடாது என்பவர்கள் ஹனிகோம்ப் பேட்டை அப்படியே வைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரில் ஒரு கைப்பிடி வெட்டிவேரைத் துணியில் முடிந்து போடலாம். வாசனை எண்ணெயும் கிருமிநாசினியும் தொட்டிக்குள் போகவே கூடாது. அதில் ஊற்றுவது எதுவானாலும் வீட்டில் உள்ளவர்கள் இரவெல்லாம் சுவாசிப்பதாக ஆகிவிடும்.

ஐஸ் போடும் அறை இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகி, அறை அளவுக்குச் சூடாகும்வரை எடுத்துக்கொள்ளும் வெப்பம் 450 கிலோஜூலைத் தாண்டாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த ஐஸை உறைய வைக்க ஃபிரிட்ஜ் தன் பின்பக்கமாக வீட்டுக்குள்ளேயே வெப்பத்தை வெளியிட்டிருக்கும்.

எங்கே வைப்பது

கூலர் வாங்கிய வீடுகளில் பெரும்பாலானவை தவறுவது இந்த இடத்தில்தான். அறையின் நடுவில் கூலரை வைத்து, ஏசி போல எல்லாக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். பிறகு காற்று கனக்கும், தலையணை நமத்துப்போகும், வியர்வை காயாது. மூடிய அறையில் கூலர் தான் ஈரமாக்கிய காற்றையே திரும்ப இழுக்கிறது. ஈரமான காற்றில் தண்ணீர் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் குளிர்ச்சி இல்லை. ஏசி அறைக்குள் இருக்கும் காற்றைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும். கூலருக்கு வெளியிலிருந்து புதுக்காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே வேலை முடிந்த காற்று வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே கூலரின் முதுகு திறந்த ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். இரும்பு ஸ்டாண்ட் போட்டு ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, முகம் மட்டும் உள்ளே இருக்கும்படி சுற்றிலும் அட்டையோ தகரமோ வைத்து அடைத்தால் இன்னும் சிறப்பு. டெல்லியிலும் நாக்பூரிலும் ஜெய்ப்பூரிலும் பெரிய தகரக் கூலர்களைப் பெரும்பாலும் அப்படித்தான் பொருத்துகிறார்கள். ஜன்னல் வடக்கிலோ கிழக்கிலோ இருந்தால் நல்லது. மேற்கு வெயில் நேராகப் பேட்டில் விழுந்தால் ஓலைத் தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டிவிடலாம், காற்று மட்டும் தடைபடக் கூடாது. சமையலறைப் புகை, கழிவறை ஜன்னல், பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட் ஆகியவற்றின் அருகில் கூலர் மூச்சுவிடக் கூடாது.

அடுத்தது வெளியேறும் வழி. கூலருக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னலையோ கதவையோ அளவாகத் திறந்து வைக்க வேண்டும். மணிக்கு 1,200 கன மீட்டர் தள்ளும் கூலருக்கு ஒன்றரை சதுர அடி திறப்பு போதும். அதாவது நான்கடி உயர ஜன்னல் கதவை நான்கைந்து அங்குலம் திறந்தால் சரி. கொசுவலை அடித்த ஜன்னல் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திறக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய காகிதத் துண்டு போதும். திறப்பின் அருகே பிடித்தால் காகிதம் வெளிப்பக்கமாகச் சாய வேண்டும். உள்ளே சாய்ந்தால் திறப்பு அதிகம், வெளிச்சூடு நுழைகிறது என்று பொருள். அறையில் கசகசப்பு தெரிந்தால் திறப்பு போதவில்லை. மாடிப்படி வழியோ எக்சாஸ்ட் ஃபேனோ இருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இந்தத் திறப்பை நகர்த்தியே குளிர்ச்சியையும் நகர்த்த முடியும். கூலர் ஹாலில் இருக்கிறது, இரவில் படுக்கையறை குளிர வேண்டும் என்றால், ஹால் ஜன்னல்களைச் சாத்தி, படுக்கையறையின் கடைசி ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் காற்று அந்த வழியே போகும். காற்று எந்த வழியாக வெளியேறுகிறதோ அந்த வழியெல்லாம் குளிரும். ஒரே கூலரை வைத்துக்கொண்டு பகலில் ஹாலையும் இரவில் படுக்கையறையையும் குளிர்விக்கும் இந்த வசதி ஏசிக்குக் கிடையாது. கூலர் ஓடும் அறையில் ஏசியையும் போடுவது இரண்டுக்கும் கேடு. கூலர் சேர்க்கும் ஈரத்தை எடுப்பதிலேயே ஏசியின் மின்சாரம் கரையும்.

ஓட்டும் முறை

சுவிட்சைப் போட்டதும் ஃபேனை முழு வேகத்தில் வைப்பது வழக்கம். முதலில் பம்ப்பை மட்டும் ஓட்டி, பேட் மேலிருந்து கீழ்வரை நனைய ஐந்து பத்து நிமிடம் கொடுக்க வேண்டும். காய்ந்த திட்டு எங்கேயாவது தெரிந்தால் மேலே உள்ள சொட்டுத் துளைகளில் அடைப்பு இருக்கிறது. ஊக்கு முனையால் குத்திவிட்டாலே சரியாகிவிடும். பிறகு ஃபேன். அணைக்கும்போது இதற்கு நேர்மாறாக, கடைசி கால் மணி நேரம் பம்ப்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டிப் பேட்டைக் காயவிட வேண்டும். இதைச் செய்கிற வீட்டில் கூலரிலிருந்து அழுகல் நாற்றம் வருவது மிகக் குறைவு. வீசிங் உள்ளவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீடுகளில் இது கட்டாயம். ஈரம் காயாத பேட்டில் பூஞ்சை வளர்ந்தால் அதன் தூசு நேராக மூக்குக்குத்தான் வரும்.

அறை சூடான பிறகு கூலரைப் போடுவதைவிட, சுவர்கள் சூடேறும் முன், காலை பத்து மணிக்கே குறைந்த வேகத்தில் தொடங்கிவிடுவது பலன் தரும். இரவில் வேறொரு கணக்கு. வெளியே 30 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 55 சதவீதமாக ஏறியிருந்தாலும் கூலர் 25 டிகிரியை ஒட்டிய காற்றைத் தரும். இறங்கும் டிகிரி குறைவுதான், ஆனால் தூக்கத்துக்கு அது தாராளம். நள்ளிரவுக்கு மேல் உடல் குளிர்ந்ததும் பம்ப்பை நிறுத்திவிடலாம்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைகளில் இரவு முழுவதும் கான்கிரீட் தளம் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். அங்கே கூலரை மட்டும் நம்பிப் பயனில்லை. மாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளைக் குளிர்பூச்சோ அடித்த பிறகே கூலரின் முழு வேலையும் தெரியும்.

செலவில்தான் கூலரின் பெரிய நியாயம் இருக்கிறது. ஒன்றரை டன் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். 180 வாட் கூலர் அதே நேரத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசத்தின் எடை புரியும். கரண்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டரில் கூலர் ஓடும் என்பது கூடுதல் வசதி.

தண்ணீரும் உப்பும்

மின்சாரத்தில் மிச்சமாவதில் ஒரு பங்கைத் தண்ணீராகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கரூர் போன்ற உலர்ந்த ஊரில் 1,200 கன மீட்டர் கூலர் மதிய நேரத்தில் மணிக்கு ஆறு லிட்டருக்கு மேல் குடிக்கும். எட்டு மணி நேரத்துக்கு 50 லிட்டர், மூன்று குடத்துக்கு மேல். குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் வரும் தெருவில் இது சிறிய விஷயம் இல்லை. கூலர் வாங்கும் முன் குடும்பம் யோசித்தே ஆக வேண்டிய கணக்கு இது.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்பு முழுவதும் பேட்டிலும் தொட்டியிலும் தங்கிவிடும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீர் 50 லிட்டர் ஆவியானால், ஒரே நாளில் 50 கிராம் உப்பு மிஞ்சும். பேட் வெள்ளை பூத்து, கல்லாக இறுகி, காற்று நுழையாமல் போவது இதனால்தான். மருந்து எளிது: தினமும் ஓட்டி முடித்ததும் அடித்தொட்டியில் மிஞ்சிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். அது வீடு துடைக்க உதவும். செடிக்கு ஊற்றினால் உப்பு ஏறும். முடிந்தவரை காவிரிக் குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாகாமல் கூலருக்கு ஊற்றலாமே என்று தோன்றும். அதில் உப்பு அடர்ந்திருக்கும் என்பதால் வேண்டாம். மாதம் ஒருமுறை பேட்டைக் கழற்றி, வினிகரோ சிட்ரிக் அமிலத் தூளோ கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவலாம். பிரஷ்ஷால் தேய்த்தால் ஹனிகோம்ப் கிழிந்துவிடும். கழிவறை ஆசிட் கூடவே கூடாது.

கொசுவும் கரண்டும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்பும் இடம் வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீர். ஓடாமல் நிற்கும் கூலர் தொட்டி அதற்குத் தோதான இடம். டெல்லியில் மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கூலர் தொட்டிகளைச் சோதித்து, புழு இருந்தால் நோட்டீஸ் கொடுப்பது இதற்காகவே. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒரு நாள் தொட்டியை முழுக்க வடித்துக் காயவிட வேண்டும். வடிப்பது மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் அவை போகும்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், தண்ணீர் ஊற்றும் முன் பிளக்கைப் பிடுங்குவது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எர்த் உள்ள மூன்று முள் பாயின்ட், மின்கசிவு ஏற்பட்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டும் இல்லாத வீட்டில் தகரக் கூலரை நுழைக்கவே கூடாது. தகரத்தில் கசிந்த மின்சாரம், ஈரக்கையோடு தொட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது. பம்ப்பின் வயர் தண்ணீரில் மூழ்கியிருப்பதால், பருவத் தொடக்கத்தில் எலக்ட்ரீஷியனை வைத்து அதைச் சோதித்துவிட வேண்டும்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. ஈரமும் வெப்பமும் சேர்ந்து தாக்கும் நாட்களில் கூலர் காப்பாற்றாது. சோதனையில் இரண்டு வெப்பமானிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டுகின்றன, அந்த அளவும் 30 டிகிரியை நெருங்குகிறது என்றால், பெரியவர்களைச் சில மணி நேரமாவது ஏசி இருக்கும் உறவினர் வீட்டுக்கோ பொது இடத்துக்கோ அழைத்துப் போவதே பாதுகாப்பு.

ஆடி, ஆவணியில் மாலை மழைகள் தொடங்கியதும் கூலருக்கு வேலை குறையும். ஐப்பசி மழைக்கு முன் எடுத்துவைத்துவிடலாம். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பேட்டை வெயிலில் முழுக்கக் காயவைத்து, பழைய பருத்திப் புடவையால் மூடி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே ஈரம் அடைபடும். மீண்டும் பங்குனியில் வெளியே எடுக்கும்போது தொட்டியை இன்னொரு முறை தேய்த்துக் கழுவி, பிளக்கில் மாட்டும் முன் பம்ப்பின் விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். உப்பில் இறுகியிருந்தால் வினிகர்த் தண்ணீரில் சில மணி நேரம் போட்டுவைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்; இளகாவிட்டால் பம்ப்பை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.